368 மில்லிமீட்டர்: எம்ஜி எஃப் காரின் உயரத்தைச் சரியாக வைப்பது எப்படி

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் முக்கால்வாசி தேங்காய் லோடு ஏற்றும் பிக்கப்பும் பழைய ஜீப்பும்தான். ஒரே ஒரு வண்டி மட்டும் வேறு ரகம். 1998 மாடல் எம்ஜி எஃப். இரண்டே சீட்டு, மடக்கும் கூரை, சீட்டுக்குப் பின்னால் 1.8 லிட்டர் இஞ்சின். இங்கிலாந்தில் பல வருஷம் வேலை பார்த்த டாக்டரம்மா ஒருவர் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் கொண்டுவந்தது. அந்த வண்டியை ஆறு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். இந்த ஆறு வருஷத்தில் அதன் உயரத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். இதே வண்டியோ இதே மாதிரி சஸ்பென்ஷன் உள்ள வேறு வண்டியோ வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தக் காரில் காயில் ஸ்ப்ரிங் கிடையாது, பட்டைக் கட்டும் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பருத்த இரும்பு உருண்டை. உருண்டையின் மேல்பாதியில் நைட்ரஜன் அடைத்து நிரந்தரமாக மூடியிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்குக் கீழே தண்ணீரும் ஆல்கஹாலும் துருத்தடுப்பு மருந்தும் கலந்த ஒரு திரவம். சக்கரம் மேலே ஏறும்போது சஸ்பென்ஷன் கை ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் திரவத்தைத் தள்ளும், திரவம் கேஸை அமுக்கும். கேஸ்தான் ஸ்ப்ரிங். திரவம் வெறும் தூதுவன். இதற்கு மேல் தனியாக டாம்பரும் (ஷாக் அப்சார்பர்), வளைவில் வண்டி சாயாமல் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஆன்ட்டி ரோல் பாரும் உண்டு.

அழகான விஷயம் என்னவென்றால், இடது முன்சக்கர உருண்டையையும் இடது பின்சக்கர உருண்டையையும் ஒரு குழாய் இணைக்கிறது. வலது பக்கமும் அப்படியே. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் திரவத்தில் ஒரு பங்கு பின்னால் ஓடிப் பின்பக்கத்தையும் கொஞ்சம் தூக்கும். வண்டி மூக்கை ஆட்டாமல் மட்டமாகப் போகும். கோபாலபுரம் ரோட்டில் அடுத்தடுத்து வரும் வேகத்தடைகளில் ஓட்டிப் பார்த்தால் இது புரியும். இதை வடிவமைத்தவர் அலெக்ஸ் மோல்டன். ரப்பர் ஸ்ப்ரிங்கும் திரவமும் சேர்ந்த முந்தைய வடிவம் 1962இல் மாரிஸ் 1100இல் வந்தது. ரப்பருக்குப் பதில் கேஸ் வைத்த ஹைட்ராகேஸ் 1973இல் ஆஸ்டின் அலெக்ரோவில் வந்தது. எம்ஜி எஃப் 1995இல் அதை எடுத்துக்கொண்டது. 2002இல் அடுத்து வந்த எம்ஜி டிஎஃப் காயில் ஸ்ப்ரிங்குக்கு மாறிவிட்டது. அதனால் இருக்கிற உருண்டைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

இனி அளவு. சக்கரத்தின் நட்ட நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை முன்பக்கம் 368 மில்லிமீட்டர். 10 கூடலாம், 10 குறையலாம். டிராஃபி 160 என்ற தாழ்வான மாடல் மட்டும் 20 மில்லிமீட்டர் கீழே நிற்கும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தரையிலிருந்து அளக்காதீர்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் நுழைந்துவிடும். இந்த வண்டிக்கு முன்னால் 185, பின்னால் 205 அகல டயர், அதை மாற்றிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். மையத்திலிருந்து விளிம்புக்கு அளந்தால் டயர் எதுவாக இருந்தாலும் கவலை இல்லை.

டேப் பிடிப்பதில் ஒரு பழக்கம் வேண்டும். சக்கரத்தின் நடு மூடியில் எட்டுமூலை எம்ஜி முத்திரை இருக்கும். அதன் நடுவில் ஒரு சின்னத் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் புள்ளி வைப்பேன். இரும்பு டேப்பின் நுனிக் கொக்கி ஆடும், அது ஒரு மில்லிமீட்டர் ஏமாற்றும். ஆகவே கொக்கியை விட்டுவிட்டு 100ஆவது மில்லிமீட்டர் கோட்டைப் புள்ளியில் வைத்து, விளிம்பில் வரும் எண்ணில் 100 கழிப்பேன். மட்கார்டு விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கும். மடிப்பின் அடி நுனியைத்தான் பார்க்க வேண்டும். கண்ணை அந்த உயரத்துக்கே இறக்கி, முழங்காலில் உட்கார்ந்து படியுங்கள். நின்றபடி குனிந்து பார்த்தால் 3, 4 மில்லிமீட்டர் தப்பும்.

தரை மட்டமா என்று சந்தேகம் இருந்தால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை வாங்கிப் பாருங்கள். என் ஷெட்டில் இடது முன்சக்கரம் நிற்கும் இடம் 6 மில்லிமீட்டர் பள்ளம் என்று அப்படித்தான் கண்டுபிடித்தேன். இப்போது அந்த இடத்தில் ஒரு தகரத் துண்டு நிரந்தரமாகக் கிடக்கிறது. அப்புறம், ஜாக்கியில் இருந்து இறக்கிய வண்டியை உடனே அளக்கக் கூடாது. டயர் தரையைக் கவ்விக்கொண்டு சஸ்பென்ஷனைப் பாதி வழியில் நிறுத்தி வைத்திருக்கும். இரண்டு மீட்டர் முன்னே, இரண்டு மீட்டர் பின்னே உருட்டி, நாலு மூலையிலும் அமுக்கி விட்டு, அப்புறம் அளக்க வேண்டும். டிக்கி காலியாக இருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்கக் கூடாது. பெட்ரோல் டேங்க் சுமார் 50 லிட்டர் கொள்ளும், ஆகவே எப்போதும் ஒரே அளவு பெட்ரோலில் அளப்பது நல்லது. நான் பாதி டேங்கில் அளக்கிறேன்.

நாலு மூலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், ஷெட்டின் வெப்பம், நாலு எண். வெப்பத்தை ஏன் எழுத வேண்டும் என்பதை நான் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் ஜனவரி மாதம், விடிகாலை, ஷெட்டில் 22 டிகிரி. பம்பு வைத்துத் திரவம் ஏற்றி இரண்டு பக்கமும் சரியாக 368க்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏப்ரலில் மத்தியானம் ஷெட்டில் 38 டிகிரி இருக்கும்போது டாக்டரம்மா வந்தார்.

“ஏனுங்கண்ணா, வண்டி தூக்கிட்டு நிக்கற மாதிரி தெரியுதுங்களே?”

அளந்தேன். 377. யாரும் கை வைக்கவில்லை, ஒரு சொட்டு திரவமும் சேரவில்லை. காரணம் எளிதானது. வண்டியின் எடை மாறவில்லை, ஆகவே உள்ளே அழுத்தமும் பெரிதாக மாறாது. ஆனால் கேஸ் சூடானால் விரியும். 22 டிகிரியில் இருந்து 38 டிகிரிக்கு ஏறினால் அதன் கன அளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடும். விரிந்த கேஸ் திரவத்தைத் தள்ள, திரவம் பிஸ்டனைத் தள்ள, வண்டி எழுந்து நிற்கும். பாலக்காட்டுக் கணவாயின் வெயிலுக்கும் ஆடிக் காற்றுக்கும் நடுவில் நாம் இருப்பதால் இதை மறக்கவே முடியாது. வெயிலில் உயர்ந்து நிற்கிறது என்று திரவத்தை இறக்கி விட்டால் மார்கழிக் காலையில் வண்டி வயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். ஆகவே நான் இப்போது காலை ஏழு மணிக்கு, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், 25 டிகிரிக்கு அருகில் இருக்கும் நாளில்தான் உயரம் வைக்கிறேன். 370 வைத்தால் இங்கே வருஷம் முழுக்க எல்லைக்குள் நிற்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உயரம் குறைந்தால் திரவம் ஏற்று என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியம். அது பாதி வைத்தியம்தான். டாக்டரம்மாவின் வண்டி என்னிடம் முதலில் வந்தபோது முன்பக்கம் இரண்டும் 371. எந்தக் குறையும் சொல்ல முடியாத எண். அதற்கு முன் ஒரு நகரத்து ஒர்க்‌ஷாப்பில் பம்பு வைத்துச் சரிசெய்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஓட்டினால் கட்டை வண்டி. சிறு கல்லில் ஏறினாலும் முதுகெலும்பில் அடிக்கும், வலது பக்கம் அதிகமாக. நான் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தேன். 400 பிஎஸ்ஐ, நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 28 கேஜி. அதுவும் சரியான எண்தான்.

டேப்பும் கேஜும் இரண்டுமே நல்லது என்கின்றன, வண்டியோ இல்லை என்கிறது. இரண்டு நாள் இதை வைத்து யோசித்தேன். விஷயம் இதுதான். அந்த ரப்பர் சவ்வு வழியாக நைட்ரஜன் வருஷக்கணக்கில் மெதுவாகக் கசிந்து போகும். கேஸ் குறைந்தால் வண்டி இறங்கும். இறங்கியதைத் திரவம் ஏற்றித் தூக்கினால் உயரம் திரும்ப வந்துவிடும். அழுத்தமும் அதேதான் காட்டும், ஏனென்றால் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வண்டியின் எடை, உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதல்ல. ஆனால் ஸ்ப்ரிங்காக வேலை செய்ய வேண்டிய கேஸ் கைப்பிடி அளவுதான் மிச்சம். தண்ணீரை அமுக்க முடியாது. ஆகவே வண்டி தண்ணீர்க் கட்டையின் மேல் நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. என் ஷெட்டுக்கு எதிரில் மாட்டுத் தீவனக் கடை. அங்கிருந்து 50 கிலோ மூட்டை இரண்டு வாங்கி வந்து, சீட்டுக்கு ஒன்றாக வைத்தேன். வைப்பதற்கு முன் அளவு, வைத்து உருட்டிய பின் அளவு. இடது முன் 11 மில்லிமீட்டர் இறங்கியது. வலது முன் 4 மில்லிமீட்டர். ஒரே எடை, ஒரே வண்டி. வலது பக்க உருண்டைகளில் கேஸ் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். இரண்டாவது சோதனை, காலையும் மத்தியானமும் அளப்பது. இடது பக்கம் நன்றாக எழுந்தது, வலது பக்கம் 3 மில்லிமீட்டர்தான் எழுந்தது. விரிவதற்குக் கேஸ் இருந்தால்தானே விரியும். மூன்றாவது, முன் மட்கார்டை இரண்டு கையாலும் அமுக்கும்போது இன்னொருவர் பின் வளைவில் விரல் வைத்துப் பார்க்கட்டும். நல்ல பக்கத்தில் முன்னால் ஆழமாக அமுங்கி, பின்னால் இலேசாக எழும்பும். செத்த பக்கத்தில் அமுக்கவே வராது.

கேஸ் தீர்ந்த உருண்டைக்குப் பம்பு மருந்தல்ல. கழற்றி, வால்வு பொருத்தி, மறுபடி நைட்ரஜன் ஏற்றித் தருகிறவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். நாங்கள் அப்படி ஏற்றிய உருண்டைகளை வரவழைத்து, நாலையும் ஒரே சமயத்தில் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வளைவில் வண்டி இடதுக்கு ஒரு மாதிரி, வலதுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளும். செலவைப் பார்த்து இரண்டு மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள்.

கேஸ் நன்றாக இருந்து, உயரம் மட்டும் இறங்கியிருந்தால் பம்புக்குப் போகலாம். அதற்கு முன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு மெதுவாக இறங்குவது வயசு. ஒரு பக்கம் முன்னும் பின்னும் சேர்ந்து சில நாளில் இறங்கினால் அந்தப் பக்கம் கசிவு. அடியில் ஓடும் இரும்புக் குழாயைக் கை வைத்துத் தடவிப் பாருங்கள். துரு பொரிந்த இடத்திலும் இணைப்பு நட்டிலும்தான் ஈரம் இருக்கும். ஒரு மூலையில் மட்டும் இறக்கம், அதே பக்கத்தின் மறுமூலையில் இல்லை என்றால் திரவத்தைக் குறை சொல்லாதீர்கள். உருண்டையின் பிஸ்டனுக்கும் சஸ்பென்ஷனின் மேல் கைக்கும் நடுவில் குண்டும் கிண்ணமுமாக ஒரு மூட்டு இருக்கிறது. கிரீஸ் வற்றினால் அது தேயும், வேகத்தடையில் ஏறும்போது பழைய கதவு மாதிரி முனகும். மழைக்காலம் முடிந்ததும் அதன் ரப்பர் உறையைத் தூக்கி, பழையதைத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைப்பது என் வழக்கம்.

பம்பு. கம்பெனிப் பம்பு இங்கே கிடைக்காது. பிளம்பர்கள் புதுக் கட்டடத்தில் பைப் லைனைச் சோதிக்க ஒரு கைப்பம்பு வைத்திருப்பார்கள். நெம்புகோலை ஆட்ட ஆட்டத் தண்ணீரை 50 கேஜி வரை ஏற்றும். அதையே புதிதாக ஒன்று வாங்கினேன். பொள்ளாச்சியில் ஜேசிபி ஹோஸ் அடிக்கும் கடையில் ஹோஸ் போட்டேன். வண்டியின் வால்வு பார்க்க டயர் வால்வு மாதிரிதான் இருக்கும், ஆனால் அதில் டயருக்கு ஏற்றுவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் அழுத்தம் நிற்கிறது. வால்வின் திரெட்டை அளந்து கொடுத்து லேத்தில் பித்தளை அடாப்டர் கடைந்து வாங்கினேன். அடாப்டருக்கு ஒட்டி ஒரு கேஜ், ஒரு சின்ன மூடும் வால்வு. அவ்வளவுதான்.

திரவத்துக்குப் பதில் எதுவும் ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் வேண்டாம், ஹைட்ராலிக் ஆயில் கண்டிப்பாக வேண்டாம். அந்த ரப்பர் தண்ணீர் கலவைக்காகச் செய்தது. நம் கிணற்றுத் தண்ணீரின் உப்பு குழாயை உள்ளிருந்து தின்னும். டாக்டரம்மா சரியான திரவத்தை ஒரு கேனில் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அதில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. உயரம் சரிசெய்யச் செலவாவது மிகக் கொஞ்சம்.

வேலை இப்படிப் போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வால்வு மூடியைக் கழற்றும் முன் சுற்றிலும் துடையுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் வால்வு கசியும். ஹோஸை மாட்டும் முன் பம்பை ஆட்டி, அடாப்டர் வாயில் குமிழி இல்லாமல் திரவம் மட்டும் வரும்வரை விடுங்கள். காற்று உள்ளே போனால் வண்டி கடற்பஞ்சு மேல் நிற்பது போல் ஆகும், பிறகு முழுவதும் வடித்து, வாக்குவம் பம்பால் காற்றை உறிஞ்சி, மறுபடி நிரப்ப வேண்டும். மாட்டியபின் மெதுவாக ஆட்டுங்கள். வண்டி எழுவது கண்ணுக்குத் தெரியும். முழு உயரத்தையும் ஒரே பக்கத்தில் ஏற்றிவிட்டு அடுத்த பக்கம் போகாதீர்கள். ஆன்ட்டி ரோல் பார் இரண்டு பக்கத்தையும் கட்டி வைத்திருப்பதால் ஒன்றைத் தூக்கினால் மற்றதும் அசையும். இங்கே 5 மில்லிமீட்டர், அங்கே 5 மில்லிமீட்டர் என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒவ்வொரு முறையும் ஹோஸைக் கழற்றி, உருட்டி, அமுக்கி, அளக்க வேண்டும். கழற்றும்போது சிறிது சிந்தும், பெயிண்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். திரவத்தில் ஆல்கஹால் இருப்பதால் பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

பின்பக்க உயரத்தைத் தனியாக வைக்க முடியாது. ஒரு பக்கத்துக்கு ஒரே வால்வுதான், முன்னும் பின்னும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இடது வலது வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன். அதற்கு மேல் துல்லியம் தேடி ராத்திரி வரை பம்பு ஆட்டியதும் உண்டு, மறுநாள் காலையில் 2 மில்லிமீட்டர் மாறித்தான் நின்றது.

ஒன்றைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். உயரம் நன்றாக இருக்கிறது என்று நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அந்த வண்டியைத் தாங்கி நிற்பது ஒரு குழாய்த் திரவம். ஒரு இணைப்பு விட்டால் அந்தப் பக்கம் முழுவதும் ஒரே நொடியில் உட்காரும். அடியில் போக வேண்டுமென்றால் நாலு ஸ்டாண்டு, அதுவும் பாடியில் அதற்கென்று உள்ள இடத்தில். வழியில் திரவம் போய் வண்டி பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்த் தடுப்பில் உட்கார்ந்துவிட்டால் நடக்கும் வேகத்தில் ஓரமாக நிறுத்தி, லாரியில் ஏற்றி வாருங்கள்.

உயரம் வைத்த பிறகுதான் வீல் அலைன்மெண்ட். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தாழ்ந்த வண்டியில் சக்கரத்தின் சாய்வும் திருப்பமும் மாறும், டயரின் உள்விளிம்பு நூல் தெரியத் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் பூ அப்படியே புதுசாக இருக்கும். டாக்டரம்மாவின் பின் டயர் இரண்டும் அப்படித்தான் போயின. அலைன்மெண்ட் கடைக்குப் போகும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அன்றைய உயரத்தை அங்கேயே இன்னொரு முறை அளந்து, அதன் பிறகு மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தையும் சுவரில் அடித்துப் பாருங்கள், மூக்கு 15 மில்லிமீட்டர் எழுந்தால் எதிரில் வருகிறவர் கண்ணில்தான் விழும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். நேற்றுக் காலை டாக்டரம்மாவின் வண்டிக்கு எழுதியது: 26 டிகிரி, பாதி டேங்க், இடது முன் 370, வலது முன் 369. தீவன மூட்டை வைத்தபின் இரண்டு பக்கமும் 11.